ஐம்பத்தொன்பதும் ஐம்பத்தைந்தும்

ஒலிம்பிக் படகோட்டத்தில் எடை குறைந்தவர்களுக்கென்று இருந்த போட்டியை எடுத்துவிட்டார்கள் என்று உறுதியான வாரம், டெர்வ்லா மினிஹேன் வீட்டுக்கு ஊரே துக்கம் விசாரிக்க வந்தது. எங்கள் கில்மோரன் ஊரில் இழவு வீட்டுக்கு எப்படிப் போவோமோ அப்படித்தான் வந்தார்கள். ஆளுக்கொரு தட்டில் சாண்ட்விச், ஓர் ஆப்பிள் கேக், வாசலில் நின்று கையைப் பிடித்து ஒரு குலுக்கல், அப்புறம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து மூன்று கோப்பை டீ. கறிக்கடை ஃபின்டன் மட்டும் மனதில் இருந்ததை நேராகவே கேட்டார்.

"சரி, போனது போச்சு. இனிமேலாவது வாய் நிறையத் திம்பியா மாட்டியா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. பன்னிரண்டு வருடமாக டெர்வ்லாவும் கோப்னட் காலின்ஸும் சாப்பிட்டதைச் சாப்பாடு என்று சொன்னால் கோழிக்குஞ்சு கூடச் சிரிக்கும். இரட்டைப் படகில் இரண்டு பெண்கள். ஒருத்தியும் ஐம்பத்தொன்பது கிலோவைத் தாண்டக் கூடாது. இருவர் எடையையும் கூட்டிப் பாதியாக்கினால் ஐம்பத்தேழுக்கு மேல் போகக் கூடாது. இதுதான் சட்டம். டெர்வ்லா ஆறடிக்கு இரண்டங்குலம்தான் குறைவு. அவளை ஐம்பத்தொன்பதுக்குக் கீழே இறக்க வேண்டுமானால் எலும்பைச் சீவினால்தான் உண்டு. அதனால் கோப்னட் ஐம்பத்தைந்தில் நின்றாக வேண்டும். நின்றாள், பன்னிரண்டு வருடம். டெர்வ்லா கூடுதலாகத் தின்ற ஒவ்வொரு துண்டு ரொட்டியும் கோப்னட் தட்டிலிருந்து போன ரொட்டி.

இதில் இன்னொரு கொடுமை, டெர்வ்லாவுக்கு வேலை வெண்ணெய் ஆலையில். பகல் முழுக்க ஆய்வுக்கூடத்தில் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துச் சீட்டில் எழுதுவாள். மதியம் வெளியே வந்து ஒரு கேரட்டைக் கடிப்பாள். கோப்னட் தபால்காரி. வேனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். போகிற வீட்டிலெல்லாம் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியை நீட்டுவார்கள். வாங்கி வேன் முன்பலகையில் அடுக்கி வைத்துக்கொண்டு, வாசனையை மட்டும் அனுபவித்துவிட்டு, சாயங்காலம் நாய்க்குப் போடுவாள். அந்த நாய் கடைசியில் கொழுத்துச் செத்தது.

துக்கம் விசாரிப்பு முடிந்த மூன்றாம் நாள் மலாக்கி லைசாட் போன் செய்தார். தேசிய அணிக்கு ஆள் பொறுக்குகிறவர். கோபக்காரர் இல்லை, கெட்டவரும் இல்லை, கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புகிற ஆள். உயரமான பெண்ணைப் பார்த்தால் அவருக்கு முகம் மலரும். பெண்களின் நால்வர் படகை ஒலிம்பிக் வரை கொண்டுபோவதுதான் இனி திட்டம் என்றார். அதில் ஓர் இடம் ஏற்கெனவே ஒருத்திக்குப் போய்விட்டது, மிச்சம் மூன்று. ஏப்ரல் மாதத் தேர்வில் டெர்வ்லா தனிப் படகில் வந்து சுமாராக ஓட்டிக் காட்டினால்கூடப் போதும், ஓர் இடம் அவளுக்கு என்றார். எட்டுக் கிலோ ஏற்றிக்கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே படகுக் கொட்டகையில் வைத்து அவள் கோப்னட்டிடம் சொல்லிவிட்டாள். கோப்னட் கவிழ்த்து வைத்த படகுக்குக் கீழே மல்லாந்து படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றாரு மலாக்கி?"

"எட்டு கிலோ ஏத்திட்டு வான்னு சொல்றாரு. தனியா."

"நான்?"

"நீ குட்டையாம்."

"இதக் கண்டுபிடிக்க டப்ளின்லேருந்து ஒரு ஆளு போன் பண்ணணுமா? எங்கம்மா பிரசவ வார்டுலயே சொல்லிட்டாங்க." கோப்னட் படகுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். கையில் திருப்புளி, மூக்கில் கிரீஸ். "போடி. இதுல யோசிக்க என்ன இருக்கு? உனக்கு இருபத்தொம்பது வயசு ஆச்சு. போ."

தேர்வில் ஒருவருக்கு ஒரு படகுதான், தனிப் படகோ இரட்டைப் படகோ, ஏதாவது ஒன்றுக்குத்தான் பெயர் கொடுக்கலாம். டெர்வ்லா அங்கேயே, அவள் கண்ணெதிரே, போனில் படிவத்தைத் திறந்து இரட்டைப் படகு என்ற இடத்தில் தட்டினாள். மினிஹேன், காலின்ஸ். அனுப்பியும் விட்டாள்.

"நீ எனக்காகப் பன்னெண்டு வருஷம் பட்டினி கெடந்திருக்க. உன்ன விட்டுட்டுப் போவேன்னு நெனச்சியா? போனா ரெண்டு பேரும். இல்லன்னா யாரும் வேணாம்."

தியாகம் செய்கிறவர்களுக்கு ஒரு தனிக் கர்வம் உண்டு. எங்கள் டெர்வ்லாவுக்கு அன்றைக்கு அது தலைக்கு மேல் இருந்தது. கோப்னட் அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி," என்றாள் கடைசியில். "அப்ப வா, உருளைக்கிழங்கு வேகவைப்போம்."

சாப்பிடுவது லேசு என்று நினைக்கிறவர்கள் அந்தக் குளிர்காலத்தில் இவர்களைப் பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் பூட்டிக் கிடந்த வயிறு, திற என்றால் திறக்குமா? முதல் வாரம் கோப்னட் தட்டிலிருந்த பட்டாணியை எண்ணிக்கொண்டிருந்தாள். டெர்வ்லா ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது யாராவது பார்க்கிறார்களா என்று ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். ஊர் விடவில்லை. ஃபின்டன் சனிக்கிழமை தவறாமல் தொத்திறைச்சி மாலை போட்டு அனுப்பினார். தபால் வேனின் முன்பலகை ஸ்கோன்கள் எல்லாம் இப்போது வாய்க்குள் போயின. முட்டைக்கோஸும் பேக்கனும், வெண்ணெயில் மிதக்கும் உருளைக்கிழங்கு மசியலும், இரவு படுக்கப் போகும் முன் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சியும் பாலாடையும். எடை பார்க்கும் மெஷினைக் கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள் கோப்னட்.

"இத்தன வருஷம் நம்மள அது மெரட்டிச்சு. கொஞ்ச நாள் காத்துல நிக்கட்டும்" என்றாள்.

காலையில் வேலைக்குப் போகும் முன் கழிமுகத்தில் இரண்டு மணி நேரம். கடல் வற்றிச் சேறு தெரிகிற நாட்களில் கொட்டகைக்குள் ரோயிங் மெஷின். ஆலங்கட்டி மழை பெய்தாலும் ஓட்டினார்கள். சரிசமம் இல்லாத சண்டை என்று அவர்களுக்குத் தெரியும். எதிரே வரப்போகிறவர்கள் எழுபத்தைந்து, எண்பது கிலோப் பெண்கள். மார்ச் முடிவில் டெர்வ்லா அறுபத்தேழு, கோப்னட் அறுபத்தொன்று. கடுகு எவ்வளவு ஊதினாலும் பூசணிக்காய் ஆகாது என்று மதுக்கடையில் எவனோ சொன்னதாகக் கேள்விப்பட்டு, மறுநாள் அவன் வீட்டுத் தபாலை அவன் நாய்க்கூண்டில் போட்டுவிட்டு வந்தாள் கோப்னட்.

தேர்வு ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை, கில்டரா ஏரியில். ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். படகு முந்தின நாளே டிரெய்லரில் போய்விட்டது. விடிகாலை ஐந்தரைக்கு கோப்னட்டின் பழைய காரில் கிளம்பினார்கள். ஹீட்டர் முழுவேகத்தில் அலறியது. இருவரும் மூன்று மூன்று சட்டை, மேலே பஞ்சுக் கோட்டு, காதை மூடிய கம்பளித் தொப்பி. ஜன்னல் ஒரு விரற்கடை கூடத் திறக்கவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. பேச்சும் அதிகமில்லை, வாய் வறண்டிருந்தால் பேச்சு வராது. நடுவில் டெர்வ்லா ஒரு காலி பாட்டிலில் எச்சிலைத் துப்பிவிட்டு கோப்னட்டிடம் நீட்டினாள், அவளும் துப்பினாள். இருவருக்கும் அது வித்தியாசமாகவே தெரியவில்லை.

ஏரிக்கு வந்ததும் தொப்பி, கோட்டு, சட்டையெல்லாம் கழற்றி காருக்குள் எறிந்துவிட்டு, போட்டி உடுப்போடு, செருப்பும் இல்லாமல், ஈரச் சிமெண்டில் விறுவிறுவென்று நடந்தார்கள். ஏரிக்கரைக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த சின்ன அறை முன்னால் போய் நின்றார்கள். கதவு பூட்டியிருந்தது. கோப்னட் தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள்.

பின்னால் யாரோ வாழைப்பழம் மெல்லுகிற சத்தம் கேட்டது. டப்ளின் கிளப்பைச் சேர்ந்த ரோனா. அவளும் ஈமர் என்ற இன்னொருத்தியும்தான் நாட்டிலேயே வேகமான இரட்டைப் படகு. இருபத்திரண்டு வயது, கதவு நிலை உயரம், மூன்று வேளையும் நன்றாகத் தின்று வளர்ந்த தோள்.

"யாருக்காக வெயிட் பண்றீங்க அக்கா?"

"எடை பாக்கத்தான்" என்றாள் டெர்வ்லா. "எங்க போனாரு அந்தாளு?"

ரோனா மெல்லுவதை நிறுத்தினாள். "எடையா? அது இப்ப லைஃப் ஜாக்கெட் வைக்கிற ரூம்கா. எடை பாக்குறதத்தான் எடுத்துட்டாங்களே."

சிரிக்கக் கூடாது என்று பாவம் அவள் எவ்வளவோ முயற்சி செய்தாள். முடியாமல் வேகமாக நடந்து போய்விட்டாள்.

டெர்வ்லாவும் கோப்னட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஏரிக் காற்று வெறுங்காலில் ஏறியது.

"நேத்து கடைசியா எப்ப தண்ணி குடிச்ச?" என்று மெதுவாகக் கேட்டாள் டெர்வ்லா.

"ஏழு மணிக்கு. வாய் கொப்பளிச்சதோட சரி. நீ?"

"ஆறரை."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவர்களுக்குத் தொட்டிலையே எடுத்துவிட்ட பிறகும் அது ஆடிக்கொண்டே இருந்தது. ஐந்து மாதம் ஊர் ஊட்டி வளர்த்த உடம்பை, பந்தயத்துக்கு முந்தின ராத்திரி வந்ததும் கை தானாகப் பூட்டிவிட்டது. ஒருத்தி மறந்திருந்தால் இன்னொருத்தி சொல்லியிருப்பாள். இருவருக்கும் ஒரே வியாதி. டெர்வ்லாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பதின்மூன்று மணி நேரமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை, போதாததற்கு எடை இறங்கவென்று இரண்டு மணி நேரம் காரில் வியர்த்து வடிந்தாயிற்று. ஒன்பதரைக்குப் பந்தயம். மணி ஏழே முக்கால்.

கோப்னட் கதவில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னடி சிரிப்பு? எல்லாம் போச்சுடி."

"எது போச்சு? பன்னெண்டு வருஷமா நாம வயிறு நெறஞ்சு ஒரு பந்தயம் ஓட்டியிருக்கமா? அந்தப் புள்ளைங்க பொறந்ததுலேருந்து ஒரு வேள சாப்பாடு விட்டதில்ல. காஞ்சு போன உடம்ப ரெண்டு மணி நேரத்துல தேத்தற வித்த இந்த ஏரியிலயே நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். வா. பைய எங்க வச்ச?"

பையும் பழைய பழக்கப்படியே தயாராக இருந்தது. ஜாம் தடவிய வெள்ளை ரொட்டி, உப்புக் கலந்த தண்ணீர், முந்தின நாளே மூடியைத் திறந்து காஸ் போகவிட்ட லெமனேட். காரில் உட்கார்ந்து கால் மணிக்கு ஒரு மடக்கு, பத்து நிமிடத்துக்கு ஒரு கடி என்று அளந்து உள்ளே அனுப்பினார்கள். எப்போதும் போல டெர்வ்லா முதலில் குடித்தாள், பெரிய உடம்புக்கு நிறைய வேண்டும் என்பது அவர்களுக்குள் பழைய ஏற்பாடு. பாட்டில் அடியில் மிஞ்சியதை கோப்னட் குடித்தாள். டெர்வ்லா அதைக் கவனிக்கவில்லை. எப்போதுமே கவனித்ததில்லை.

ஒன்பதரைக்கு ஆறு படகுகள் வரிசையில் நின்றன. லேசான எதிர்க்காற்று. எதிர்க்காற்று பெரிய உடம்புக்காரர்களின் சொந்தக்காரன், சின்னவர்களைத்தான் அது பிடித்து நிறுத்தும். படகோட்டத்தில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் முன்னேற வேண்டும். முன்னால் போகிறவள் பின்னால் வருகிற எல்லோரையும் பார்த்துக்கொண்டே ஓட்டலாம், பின்தங்கியவளுக்கு வெறும் தண்ணீர்தான் தெரியும். டெர்வ்லாவின் கண்ணுக்கு நேரே கோப்னட்டின் சின்ன முதுகு. அது முன்னும் பின்னும் போக, டெர்வ்லா அதைப் பார்த்தே துடுப்பைப் போட்டாள்.

பந்தயம் இரண்டாயிரம் மீட்டர், அதில் ஆயிரம் மீட்டர் வரை ஐந்து படகுகளும் அவர்கள் கண்ணில் தெரிந்தன. ரோனாவும் ஈமரும் உட்பட. கரையில் சைக்கிளில் கூடவே வந்துகொண்டிருந்த மலாக்கி ஆச்சரியத்தில் ஒரு தடவை அதைப் பள்ளத்தில் விடப்பார்த்தார். கடைசி இருநூறு மீட்டரில் டெர்வ்லாவுக்குத் தொடை கல்லாயிற்று, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. டப்ளின் படகு அங்குலம் அங்குலமாகப் பக்கத்தில் வந்து, கண்ணைவிட்டு மறைந்தது. அரை நொடியில் தோற்றார்கள். தண்ணீர் குடித்திருந்தால் ஜெயித்திருப்பார்களா? எங்கள் ஊரில் இன்றைக்கும் இதற்குச் சண்டை நடக்கிறது.

டீக்கடைப் பந்தலுக்கு முன்னால் மலாக்கி நோட்டோடு நின்றார். முதல் படகு முழுசாக அணிக்குள் என்றார். ரோனா, ஈமர். மிச்சம் ஓர் இடம்.

"நல்லா ஓட்டினீங்க. உண்மையாச் சொல்றேன், நான் எதிர்பாக்கல. டெர்வ்லா, அந்த எடம் உனக்கு. கோப்னட், உன்னப் பத்தி எனக்கு எவ்வளவு மரியாதன்னு உனக்கே தெரியும், ஆனா..."

"குட்ட" என்றாள் கோப்னட். "தெரியும்."

டெர்வ்லாவுக்குக் காது சூடேறியது. "அரை நொடியில ரெண்டாவது வந்த படகு. அதுல பாதி வேணும், பாதி வேணாமா? எந்தப் பாதி ஓட்டுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் முப்பது வருஷமா பாக்கறேன்மா."

"உயரத்தத்தான பாக்கறீங்க? மாத்தி ஓட்ட வைங்க. நான் ரோனாகூட, இவ ஈமர்கூட. அப்புறம் ஆள மாத்தி இன்னொரு தடவ. அதுக்கப்புறம் சொல்லுங்க இவ வேணாம்னு."

ஒரே இரண்டு பேரை இரண்டு படகில் மாற்றி மாற்றி உட்காரவைத்து, யார் உட்கார்ந்தால் படகு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது எல்லா அணியிலும் உள்ள வழக்கம்தான். அதைக் கேட்டு வாங்குகிற பைத்தியக்காரி மட்டும்தான் புதிது. இடம் கைக்கு வந்துவிட்டதே! மலாக்கி வேண்டாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தார். ரோனா குறுக்கே புகுந்தாள்.

"பாக்கலாமே மலாக்கி. யார்கூட ஓட்டப் போறோம்னு எங்களுக்கும் தெரியணும்ல?"

பன்னிரண்டு மணிக்கு என்று முடிவாயிற்று. ஆயிரம் மீட்டர், இரண்டு தடவை. படகுகள் பக்கம் நடக்கும்போது கோப்னட் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எதுக்குடி இந்த வேல? கெடச்சத வாங்கிட்டுப் போக வேண்டியதுதான?"

"அவரு கண்ணு தொறக்கட்டும்."

"தொறந்தா என்ன தெரியும்னு நெனைக்கிற?" கோப்னட்டின் முகத்தில் சிரிப்பு இல்லை. "ஒண்ணு மட்டும் கேட்டுக்க. எனக்காக நீ ஒரு இழுப்பு கொறச்சு இழுத்தன்னு தெரிஞ்சுது, உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

டெர்வ்லாவுக்குச் சுருக்கென்றது. அந்த எண்ணம் அவளுக்கு வராமல் இல்லை. மெதுவாக, யாருக்கும் தெரியாமல், கொஞ்சமாக விட்டுக்கொடுத்தால் சமமாக வரும், இரண்டு பேரையும் எடுத்துக்கொள்வார்கள் என்று மனதின் ஓரத்தில் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தாள். அதை அங்கேயே போட்டு மிதித்துவிட்டு ரோனாவின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

ரோனாவின் முதுகு ஒரு சுவர். முதல் இழுப்பிலேயே படகு துள்ளிப் பாய்ந்தது. அடடா, என்ன பலம் என்று டெர்வ்லா நினைத்தாள். ஆனால் ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் படகு நின்றது. ஓடவில்லை. கோப்னட்டோடு ஓட்டும்போது இழுத்து முடித்த பிறகும் படகு அடியில் குமிழ் சலசலக்க வழுக்கிக்கொண்டு போகும். அந்த ஓட்டத்தில் டெர்வ்லா மூச்சு வாங்கிக்கொள்வாள். பன்னிரண்டு வருடமாக அது படகின் குணம் என்றே நினைத்திருந்தாள். இங்கே எவ்வளவு இழுத்தாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு வண்டியைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஐந்நூறு மீட்டரில் பக்கத்துப் படகு கண்ணைவிட்டுப் போயிற்று. வெறும் தண்ணீர். முதுகுக்குப் பின்னால், எங்கோ முந்திப்போய், கோப்னட்டின் குரல் மட்டும் கேட்டது, ஈமருக்குத் தாளம் சொல்லிக்கொண்டிருந்தாள், ஏதோ கதை சொல்கிற மாதிரி.

ஒரு முழுப் படகு நீளத்தில் தோல்வி.

ஆள் மாறினார்கள். இப்போது டெர்வ்லா ஈமரோடு, கோப்னட் ரோனாவோடு. இந்தத் தடவை உயிரைக் கொடுத்து இழுத்தாள். கண்ணில் பூச்சி பறந்தது, வாயில் இரும்பு ருசி வந்தது. விட்டுக்கொடுக்கிற பேச்சுக்கே இடமில்லை, அவளுக்கு ஜெயிக்க வேண்டும், கோப்னட்டைத் தோற்கடிக்க வேண்டும், அந்த ஆயிரம் மீட்டரில் அவளுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. அதைப் பிறகு அவளே ஒத்துக்கொண்டாள். அப்படியும் முக்கால் நீளம் பின்னால்தான் வந்தாள். எந்தப் படகில் கோப்னட் ஏறினாளோ அந்தப் படகு ஓடியது. எதில் டெர்வ்லா ஏறினாளோ அது நின்று நின்று போனது. இதற்கு மேல் ஒரு சாக்குச் சொல்ல முடியாது.

கரையில் இறங்கும்போது ரோனா ஈமரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது டெர்வ்லா காதில் விழுந்தது. "அந்தக்காகூட ஒக்காந்தா எனக்கே படகோட்டத் தெரியும்போல இருக்குடி."

மலாக்கி கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். குலுக்கியும் பார்த்தார்.

"கோப்னட், உன் உயரம் எவ்வளவு?"

"காலையில இருந்த அதே உயரந்தான்."

அவருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் நேர்மையான மனிதர், நோட்டைப் பிரித்தார். "தப்பு என் மேல. அந்த எடம் உன்னோடது. டெர்வ்லா..."

"ஒண்ணும் எழுதாதீங்க" என்றாள் கோப்னட். "நாங்க ரெண்டு பேரா வந்தோம், ரெண்டு பேராத்தான் போவோம். வேற ஆளப் பாத்துக்கங்க."

டெர்வ்லா படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். தோற்றதுகூட இந்த அளவுக்கு எரியவில்லை, இந்த வார்த்தை எரிந்தது. கொட்டகையில் அன்றைக்குத் தான் பெருமையாகச் சொன்னது கேட்டவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் புரிந்தது. கையேந்தாதவள் கையில் யாரோ எதையோ திணிக்கிற மாதிரி இருந்தது.

"எழுதுங்க மலாக்கி" என்றாள். "காலின்ஸ், கோப்னட். எழுத்து தெரியலன்னா நோட்டக் குடுங்க, நானே எழுதறேன்."

"டெர்வ்லா, சும்மா இருடி."

"நீ சும்மா இரு. நீ எனக்குப் பிச்ச போடாத, நானும் உனக்குப் போடல. என் எலும்புக்காக நாலு கிலோ கொறச்சுக்கிட்டு நின்ன. போதும். இன்னொரு கிராம்கூட உங்கிட்டேருந்து எனக்கு வேணாம்." குரல் உடைந்தது, அவள் அதை மறைக்கவும் இல்லை. "அடுத்த தேர்வு எப்ப மலாக்கி?"

"செப்டம்பர்."

"வருவேன். இவங்க ரெண்டு பேரு சீட்டப் பிடுங்க வரல." ரோனாவையும் ஈமரையும் கையால் ஒதுக்கினாள். "இவ சீட்டு."

மலாக்கி எழுதினார். கோப்னட் அவர் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வந்து பலகையில் டெர்வ்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் சீட்டப் பிடுங்கணும்னா, மொதல்ல துடுப்ப எப்ப தண்ணிக்குள்ள விடணும்னு கத்துக்க" என்றாள் கோப்னட். "நீ லேட்டு."

"இன்னிக்கா?"

"பன்னெண்டு வருஷமா."

டெர்வ்லா திரும்பிப் பார்த்தாள். "நான் பின்னால ஒக்காந்திருக்கேன். உனக்கு எப்படித் தெரியும்?"

"பாக்கணுமா என்ன? படகு சொல்லும்ல. நீ விடறதுக்குள்ள ஒரு துளி நிக்கும். நான் அத சரி பண்ணிக்குவேன்."

"ஏண்டி சொல்லல? பன்னெண்டு வருஷமா ஏண்டி ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீ கோச்சுக்கிட்டு வேற ஜோடி பாத்திருப்ப. உன் திமிரு எனக்குத் தெரியாதா?" கோப்னட் ஒரு கூழாங்கல்லை எடுத்து ஏரியில் போட்டாள். "எனக்கு உன்கூடத்தான் ஓட்டணும்னு இருந்துச்சு. அதுக்குப் பட்டினியும் கெடக்கலாம், லேட்டையும் பொறுத்துக்கலாம்னு இருந்துச்சு. போதுமா?"

டெர்வ்லா முகத்தைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தங்கள் படகின் ஒரு முனையைத் தூக்கினாள்.

"அந்தப் பக்கம் தூக்கு."

"எங்க? டிரெய்லர் அந்தப் பக்கம்டி."

"தண்ணிக்கு. எவ்வளவு லேட்டுன்னு இப்பவே காமி."

மலாக்கி தூரத்திலிருந்து கத்தினார். தேர்வு முடிந்துவிட்டது, ஏரியை மூடியாயிற்று, பாதுகாப்புப் படகு போய்விட்டது, யாரும் இறங்கக் கூடாது என்றார். டெர்வ்லா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படகை இறக்கினாள். கோப்னட் முன்னால் ஏறினாள், அவள் பின்னால் ஏறினாள். எதிர்க்காற்று இப்போது நன்றாகவே வீசியது. கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையோடு எழுந்து வந்து பார்த்தார்கள். ஓர் இழுப்புக்கு ஒரு தடவை கோப்னட்டின் குரல் தண்ணீர் மேல் வந்தது.

"லேட்டு. லேட்டு. லேட்டு."

டெர்வ்லா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.